முதல் மெய்ப்பு வெளியே போனால்

ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் என் தாய்மாமா கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லி முடிக்கவில்லை. நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டது என்று நான் சொன்ன ஓர் ஆய்வு மீட்டுக்கொள்ளப்பட்ட இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் அதைக் கேட்டார். "அப்ப யாரும்மா பார்த்தாங்க?" மூன்றே சொற்கள். குழுவில் இருந்த அத்தனை பேரும் படித்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் தம்பி மட்டும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டான். அந்தக் கும்பிடு எனக்கா, மாமாவுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

இது 2020 பிப்ரவரியின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சிங்கப்பூரில் முதல் கொவிட் நோயாளி ஜனவரி 23ஆம் தேதி உறுதிசெய்யப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பேரங்காடிகளில் அரிசியும் மீ பொட்டலங்களும் தீர்ந்துபோன அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. மாமா ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்திருந்தார். புதிய கிருமியின் புரதத்தில் எச்ஐவி கிருமியை ஒத்த துணுக்குகள் இருப்பதாகத் தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையின் முதல் பக்கம் அது. இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதில் அவருக்குப் பெருமை. நானும் தொற்றுநோய்த் தரவுகளோடு வேலை செய்பவள் என்பதால், என்னைத் தனியே குறிப்பிட்டு, "பாத்தியாம்மா?" என்றும் எழுதியிருந்தார். நான் சற்று விறைப்பாகவே பதில் எழுதினேன். "மாமா, இது பயோஆர்கைவ் தளத்தில் போடப்பட்ட வெறும் முன்னச்சு. துறை வல்லுநர் எவரும் இதை மதிப்பிடவில்லை. மதிப்பிடப்படாத எதையும் குழுவில் பகிர வேண்டாம்." ஆய்விதழ் ஒன்று மதிப்பிட்டு ஏற்குமுன்பே பொதுவில் போடப்படும் கட்டுரையை நாங்கள் பேச்சில் ப்ரீபிரிண்ட் என்றுதான் சொல்வோம். அன்று மாமாவுக்காக முன்னச்சு என்று எழுதினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அச்சகத்தில், அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாளில் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவருக்கு அந்தச் சொல் புரியும் என்று நினைத்தேன். அவர் "சரிம்மா" என்று மட்டும் எழுதினார்.

நான் பதில் எழுதுவதற்குள் அந்தக் கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஜனவரி 31ஆம் தேதி வெளியான கட்டுரை பிப்ரவரி 2ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு சிறிய துணுக்குகள் வேறு எத்தனையோ கிருமிகளிலும் காணப்படும் என்பதை உலகின் பல மூலைகளிலிருந்து வல்லுநர்கள் உடனடியாக எடுத்துக்காட்டிவிட்டார்கள். அதையும் குழுவில் எழுதி, முன்னச்சு என்றால் இப்படித்தான் என்று முடித்தேன். அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் பிறகும் பல மாதங்கள் வெவ்வேறு குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பப் பெற்ற செய்தி அதோடு சேர்ந்து சுற்றவில்லை.

மே மாதம் வந்தது. சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட சிங்கப்பூரின் ஊரடங்குக் காலம், எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தோம். திருச்சியில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், கொவிட்டுக்கு உதவும் என்று அப்போது பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மலேரியா மாத்திரைகளை வாங்கி அடுக்கியிருப்பதாகவும் சிங்கப்பூர் உறவினர்களும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றும் குழுவில் பேச்சு எழுந்தது. அந்த வாரந்தான், மே 22ஆம் தேதி, லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். அந்த மருந்து பயன் தரவில்லை, இதயத் துடிப்பைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அதன் முடிவு. நான் அதை எடுத்துப் போட்டு, "இது முன்னச்சு இல்லை மாமா. 1823 முதல் வெளிவரும் இதழ். நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட ஆய்வு" என்று எழுதினேன். மூன்று நாளில் உலகச் சுகாதார நிறுவனமும் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். ஜூன் 4ஆம் தேதி அந்த ஆய்வு மீட்டுக்கொள்ளப்பட்டது. தரவுகளைத் தந்த தனியார் நிறுவனம் அவற்றைச் சுதந்திரமான தணிக்கைக்குக் காட்ட மறுத்ததால், ஆசிரியர்கள் நால்வரில் மூவர் அந்தத் தரவுகளுக்கு இனிமேல் தங்களால் உறுதியளிக்க முடியாது என்று அறிவித்தார்கள். அன்று இரவுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பார்த்தவர்கள் யார்

கேலிக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மெய்ப்பு பார்த்தவருக்கு ஒரு பக்கத்தை யார் பார்த்தது, எத்தனை தடவை பார்த்தது, எதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது என்பவை இயல்பான கேள்விகள். மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பார்த்தவர் தன் கையெழுத்தை இட வேண்டும் என்பது அவருடைய அச்சகத்தின் விதி. எங்கள் தொழிலில் அப்படி ஒரு கையெழுத்து பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

நானும் மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறேன், அதனால் யார் பார்க்கிறார்கள் என்பதை என்னால் சொல்ல முடியும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர். சம்பளம் கிடையாது. என் வரையில் அந்த வேலை நடப்பது சனிக்கிழமை மாலைகளில், மகளின் நீச்சல் வகுப்பு முடியும்வரை குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து. கேள்வி சரியானதா, முறை பொருத்தமானதா, முடிவு அட்டவணையைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்ப்பேன். அந்த அட்டவணைக்குப் பின்னால் உண்மையில் நோயாளிகள் இருந்தார்களா என்று பார்க்க எனக்கு வழியில்லை. அதை நம்பித்தான் படிக்கத் தொடங்குகிறேன். லான்செட் கட்டுரையைப் பார்த்தவர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இறந்தவர்களாக அதில் காட்டப்பட்ட எண்ணிக்கை அந்நாட்டின் அதிகாரபூர்வ எண்ணிக்கையையே மிஞ்சி நின்றதைக் கவனித்தவர்கள், அச்சான பிறகு படித்த வெளியாட்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட திறந்த மடலும் அச்சான பிறகுதான் வந்தது. பிழை பிடிபட்டு, தில்லிக் கட்டுரை வெளியான இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டது, லான்செட் கட்டுரை பதின்மூன்று நாளில். இரண்டையும் பிடித்தவர்கள் ஒரே வகையினர்தான் என்பது எனக்கு உறைக்கவே சில மாதங்கள் பிடித்தன.

இந்த மதிப்பீட்டு முறை ஆதிகாலத்தது என்று எங்கள் துறையில் பலர் நினைக்கிறார்கள். நேச்சர் இதழ் எல்லாக் கட்டுரைகளையும் வெளியாட்களின் மதிப்பீட்டுக்கு அனுப்புவதை நடைமுறையாக்கியதே 1973இல்தான். இயற்பியலாளர்களோ 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோசில் ஆர்கைவ் என்னும் முன்னச்சுத் தளத்தைத் தொடங்கியதிலிருந்து முன்னச்சிலேயே வாழ்கிறார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002, 2003 ஆண்டுகளில் புவான்காரே ஊகம் என்னும் கணிதச் சிக்கலுக்கான நிறுவலை அங்கேதான் போட்டார், எந்த ஆய்விதழுக்கும் அவர் அதை அனுப்பவே இல்லை. உயிரியலாளர்கள் மட்டும் பின்தங்கியவர்கள் என்று சொல்வதும் சரியாகாது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் 1961இலேயே கைப்பிரதிகளின் நகல்களைத் தபாலில் சுற்றுக்கு விட்டுப் பார்த்தது. அப்படிச் சுற்றிய கட்டுரைகளை ஏற்க மாட்டோம் என்று ஆய்விதழ்கள் ஒன்றுகூடி மறுத்ததால் 1967இல் அது நின்றது. பயோஆர்கைவ் வர 2013 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மருத்துவத்துக்கான மெட்ஆர்கைவ் வந்ததோ 2019 ஜூனில்.

மாமாவின் கேள்வி வந்த அதே ஜூன் மாதத்தில் எதிர்ப்பக்கத்துச் சான்றும் கிடைத்தது. டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிகளிடையே இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வுக் குழு ஜூன் 16ஆம் தேதி செய்தியறிக்கையாகச் சொன்னது. எண்கள் எங்கே என்று மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறு நாள் கழித்து, ஜூன் 22ஆம் தேதி, மெட்ஆர்கைவில் முன்னச்சு வந்தது. அந்த மருந்து கொடுக்கப்பட்ட 2,104 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்ற 4,321 பேரும் அட்டவணையில் இருந்தார்கள். உயிர்வாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்பதையும் யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுக்கும் அளவுக்கு விரிவாக எண்களோடு பார்க்க முடிந்தது. ஆய்விதழில் அது வெளியானது ஜூலை 17ஆம் தேதி. நடுவில் இருந்த அந்த இருபத்தைந்து நாளை ஒரு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், மதிப்பிடப்படாத எதையும் பகிராதே என்று நான் போட்ட விதி எவ்வளவு எளிதாக வாயிலிருந்து வந்தது என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த முன்னச்சைப் படித்தவர்கள் மருத்துவர்கள். எங்கள் குடும்பக் குழுவில் படிப்பவர்களின் நிலை வேறு. இந்த வேறுபாட்டை நான் அறிவால் ஒப்புக்கொண்டேனே தவிர, என் தோலில் படும்வரை அது எனக்கு விளங்கவில்லை.

ஐம்பத்து மூன்றாவது வாரம்

2023இன் நடுப்பகுதியில் எங்கள் குழு ஒரு கட்டுரையை எழுதி முடித்திருந்தது. மழைக்கும் டெங்கிக்கும் இடையில் எத்தனை வாரம் இடைவெளி விழுகிறது என்பது பொருள். 2020இல் இந்தத் தீவில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள், கொவிட் பேச்சில் அது பலருக்கு மறந்தே போனது. எங்கள் ஆய்வில் அந்த ஆண்டுதான் நடுநாயகம். என்னோடு வேலை செய்த இளைஞர் திருநெல்வேலிக்காரர், முனைவர் பட்டத்துக்குப் பின் ஒப்பந்த வேலையில் வந்தவர். ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தால் வேலை அனுமதிச் சீட்டும் முடியும் என்பதைச் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்விதழின் பதில் வர எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். "அக்கா, முன்னச்சா போட்டுட்டா நேர்காணலுக்குப் போறப்ப கையில காட்ட ஒண்ணு இருக்கும்" என்றார். மதிப்பிடப்படாததைப் பற்றி மாமாவுக்குப் பாடம் எடுத்த நான், ஒரு மணி நேரம்கூட யோசிக்காமல் சம்மதித்தேன். ஆய்விதழுக்கு அனுப்பிய அதே நாளில் முன்னச்சாகவும் போட்டோம். தரவுகளையும் கணினி நிரலையும் சேர்த்தே திறந்து வைத்தோம். நிரலை எழுதியவள் நான்.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, புவன விஸ்தா எம்ஆர்டி நிலையத்தின் நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நாட்டில் முதுநிலைப் படிப்பில் இருக்கும் ஒரு மாணவி. எங்கள் நிரலைத் தன் ஊர்த் தரவோடு ஓட்டிப் பார்க்க முயன்றாராம், தேதிகள் ஒத்துவரவில்லையாம். மிகுந்த மரியாதையோடு, தான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று மூன்று இடங்களில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 2020ஆம் ஆண்டுக்கு 53 வாரங்கள் உண்டல்லவா?

உண்டு. தொற்றுநோயியல் வாரக் கணக்கில் பெரும்பாலான ஆண்டுகளுக்கு 52 வாரம். சில ஆண்டுகளுக்கு ஒன்று கூடும், 2020 அப்படிப்பட்ட ஆண்டு. எல்லா ஆண்டுக்கும் 52 என்று நான் நிரலில் எழுதியிருந்தேன். அதனால் 2020இன் கடைசி வாரம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோய், அதற்குப் பிந்தைய நோயாளி எண்ணிக்கை முழுவதும் மழைக் கணக்கோடு ஒரு வாரம் தள்ளி உட்கார்ந்திருந்தது. எத்தனை வாரம் இடைவெளி என்பதையே கேள்வியாகக் கொண்ட கட்டுரையில் ஒரு வாரம் தவறு. நான் படிக்கட்டின் உச்சிக்கு வந்ததும் ஒதுங்கி, சுவரோரமாக நின்று அந்த மின்னஞ்சலை நான்கு தடவை படித்தேன். வயிற்றில் ஏதோ இறங்கியது. முதலில் தோன்றியது அறிவியல் இல்லை. இது உலகத்தின் கண்முன் இருக்கிறது, ஏழு வாரமாக இருக்கிறது, என் பெயரோடு இருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியது அந்த இளைஞர். முந்தைய வாரம்தான் அவர் நேர்காணலுக்குப் போய், இதே கட்டுரையின் படங்களைத் திரையில் காட்டிப் பேசிவிட்டு வந்திருந்தார்.

அன்று இரவும் மறுநாளும் சேர்ந்து கணக்கைத் திரும்பப் போட்டோம். முடிவு தலைகீழாகவில்லை, ஆனால் சுருக்கத்தில் நாங்கள் பெருமையோடு எழுதியிருந்த வாக்கியம் ஒன்று நிற்கவில்லை. சனிக்கிழமை இரண்டாம் பதிப்பைப் போட்டோம். அதன் முதல் பத்தியிலேயே என்ன தவறு, யாருடைய தவறு, யார் சுட்டிக்காட்டினார் என்பதை எழுதினேன். மாணவி தன் பெயரைப் போட ஒப்புக்கொள்ளத் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். ஆய்விதழுக்கும் எழுதினோம். இளைஞர் என்னிடம் கேட்காமலேயே நேர்காணல் குழுவுக்கு ஒரு மடல் எழுதியிருந்தார், தான் காட்டிய மூன்றாவது படம் தவறானது, திருத்திய படத்தை இணைத்திருக்கிறேன் என்று. வேலை கிடைத்தது. அந்த மடலால் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் முதல் பதிப்பைப் பற்றி எழுதிய குறிப்புகள் வந்து சேர்ந்தன, எங்கள் திருத்தம் அவர்களை எட்டுமுன் எழுதி முடித்தவை போலிருக்கிறது. ஒருவர் முன்னுரையைச் சுருக்கச் சொன்னார். மற்றவர் மூன்று கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார், மூன்றையும் எழுதியவர் ஒருவரே என்பதிலிருந்து மதிப்பீட்டாளர் யாராக இருக்கலாம் என்று ஊகிக்க முடிந்தது. ஐம்பத்து மூன்றாவது வாரத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. நீச்சல் குளத்தோரத்தில் உட்கார்ந்து நான் படித்திருந்தாலும் அது என் கண்ணில் பட்டிருக்காது.

சிவப்பு முத்திரை

அந்தத் தீபாவளிக்கு ஈசூனில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவருடைய கேள்விக்குக் கடன் தீர்ப்பதுபோல் ஓர் எண்ணம். முறுக்கைக் கடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். ஒரே இடத்தில்தான் அவர் முகம் மாறியது. "பழசை எடுத்துட்டீங்கல்ல?" என்று கேட்டார். இல்லை மாமா, முதல் பதிப்பும் அங்கேயே இருக்கும், முன்னச்சுத் தளங்களில் பழைய பதிப்புகளை அழிப்பதில்லை, திரும்பப் பெற்ற கட்டுரைகூடத் திரும்பப் பெற்றது என்ற அறிவிப்போடு அங்கேயேதான் இருக்கும் என்றேன். அவருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. திருத்தம் ஏறியதும் பழைய மெய்ப்பைக் கிழித்துப் போடுவதுதான் அவர் தொழில் தர்மம்.

பிறகு ஒரு கதை சொன்னார். எண்பதுகளில் நடந்தது. ஒரு கல்யாண வீட்டார் அழைப்பிதழுக்கு முதல் மெய்ப்பு பார்க்க அச்சகத்துக்கு வந்தார்கள். முகூர்த்த நேரம் தவறாகக் கோக்கப்பட்டிருந்தது, ஏழரை மணிக்குப் பதில் ஒன்பதரை. மாமா அதைப் பிடித்துத் திருத்திவிட்டார். அச்சான அழைப்பிதழில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் மணமகனின் சித்தப்பா அந்த முதல் மெய்ப்புத் தாளில் ஒன்றை ஆசையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், ஜொகூரில் இருந்த சொந்தக்காரர்களிடம் காட்டியிருக்கிறார். அவர்கள் அதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு சரியான அழைப்பிதழ் தபாலில் வந்தபோது அதில் மஞ்சள் தடவி சாமி படத்தருகே வைத்தார்களே ஒழிய, நேரத்தை யாரும் திரும்பப் படிக்கவில்லை. கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, பந்தியில் மூன்றாம் வரிசை உட்கார்ந்த பிறகு கோயில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றதாம். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் அச்சகத்தின்மேல்தான் கோபப்பட்டார்கள். மாமாவின் முதலாளி மறுநாளே ஒரு ரப்பர் முத்திரை செய்தார். உள்ளங்கை அகலத்துக்கு, சிவப்பு மையில், மெய்ப்பு என்ற சொல். அதைத் தாளின் ஓரத்தில் குத்தக் கூடாது, எழுத்துகளின் மேலேயே, நேரமும் இடமும் இருக்கும் வரிகளின் குறுக்கே குத்த வேண்டும் என்பது கட்டளை. "படிக்கறதுக்கே எரிச்சலா இருக்கணும், அப்பதான் பைக்குள்ள வைக்க மாட்டான்" என்றார் மாமா.

முன்னச்சுகளிலும் அப்படி ஓர் எச்சரிக்கை உண்டு, இது சக ஆய்வாளர்களால் மதிப்பிடப்படவில்லை என்று. முதல் பக்கத்தின் தலையில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் புலவர்களின் அவையடக்கப் பாட்டைப் போல, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகி நிற்கும். மாமா 2020இல் பகிர்ந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தலைப்பிலிருந்துதான் அது தொடங்கியிருந்தது. எச்சரிக்கை வரியை வெட்டியவர் கெட்ட எண்ணத்தோடு வெட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை, கைப்பேசித் திரையில் பெரிதாகத் தெரியட்டும் என்று வெட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வெட்டில் தேதியும் பதிப்பு எண்ணும் எச்சரிக்கையும் சேர்ந்தே போய்விட்டன. எனக்கு இப்போது உறுத்துவது அந்த இடம்தான். முன்னச்சு என்பது தேதியும் பதிப்பு எண்ணும் கொண்ட ஒரு பொருள், இன்று இவ்வளவுதான் தெரியும் என்று சொல்லும் தாள். அவற்றோடு அது இருக்கும்வரை நான் அதன் பக்கம். என் பிழையை இரண்டே நாளில் திருத்த வைத்தது அதுதான். பழைய பதிப்பு அழியாமல் இருப்பதும் எனக்கு இப்போது ஆறுதலாகவே இருக்கிறது. நான் தவறியதும் திருந்தியதும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. மாமாவுக்கு இந்த ஆறுதல் புரியவில்லை. வெட்டப்பட்ட தாள் சட்டைப்பைக்குள் போவதைத் தடுக்க எங்களிடம் முத்திரை இல்லை என்று அவர் சொல்வதற்கு என்னிடமும் மறுப்பு இல்லை.

அதனால் நான் செய்வது சிறியது. மருத்துவ முடிவு எதையாவது மாற்றக்கூடிய கட்டுரையானால், எச்சரிக்கையை எங்கள் வார்த்தைகளில் சுருக்கத்தின் உள்ளேயே எழுதுகிறோம், படங்களின் மூலையில் பதிப்பு எண்ணைப் போடுகிறோம். என் தலைமை ஆய்வாளருக்கு அது அழகாக இல்லை. அழகாக இருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம் என்று அவரிடம் சொன்னால் சிரிக்கிறார். கொசுக்களின் மரபணுவைப் பற்றி மட்டும் பேசும் கட்டுரைக்கு இவ்வளவு தேவையில்லை என்றும் நினைக்கிறேன். எங்கள் குடும்பக் குழுவில் எவரும் அதற்காக மாத்திரை வாங்கப் போவதில்லை.

போன மாதம் மாமா ஒரு கட்டுரையின் இணைப்பை எனக்கு மட்டும் தனியே அனுப்பியிருந்தார், குழுவில் போடவில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஒன்றைப் பற்றியது, அவர் அதைத்தான் சாப்பிடுகிறார். கீழே, "இது எத்தனாவது மெய்ப்பும்மா?" என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தேன், இரண்டாவது. முதலாவதற்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அட்டவணை நான்கில் ஓர் எண் மாறியிருக்கிறது, ஏன் என்று எழுதவில்லை. ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், மாமாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.